பழக்கங்களைக் குறிக்கும் செயலி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழக்கங்களைக் குறித்து வைக்கும் செயலிகளைப் பற்றி முதல் வாரத்தில் எழுதினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தினமும் ஒரு டிக், விடாமல் செய்த நாட்களைக் காட்டி ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை, உற்சாகம். நான் ஓட்டம், இரவு வாசிப்பு, கோபத்தைக் குறைப்பது ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாக இப்படி ஒரு செயலியில் குறித்து வருகிறேன். சறுக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காய்ச்சலில் சில நாள் படுத்துவிட்டு எழுந்து திறந்தால், பச்சை வட்டம் போய்ச் சாம்பல் நிறத்தில் 0 நிற்கும். ஓடிப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் காலில் ஏறிய பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 0-வைப் பார்த்த மனம், 'சரி, எல்லாம் போச்சு, அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து பார்க்கலாம்' என்கிறது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் கண்டது இதைத்தான். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று நினைத்தவர்கள், இனி என்ன என்று இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். சறுக்கலைவிட அதற்கு அடுத்து வரும் இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று செயலியில் வரும் '21 நாள் சவால்' எனக்குப் பிடிக்கவே இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இந்த ஒரு வரியைச் செயலியின் முகப்பிலேயே போட்டிருக்கலாம்!

செயலியின் அமைப்புகளில் அந்தத் தொடர் நாள் எண்ணிக்கையை மறைக்க வழி உண்டு. அதை மறைத்து மாதக் காட்சிக்கு மாறிய பிறகுதான் இது எனக்கு நிஜமாகவே உதவ ஆரம்பித்தது. இப்போது நான் பார்ப்பது பச்சைக் கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் நீளத்தை. முன்பெல்லாம் ஒருமுறை விட்டால் வாரக்கணக்கில் வெள்ளையாகக் கிடக்கும். இப்போது விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி பச்சை. தவறும் நாட்கள் அப்படியொன்றும் குறையவில்லை, திரும்பி வரும் வேகம் கூடியிருக்கிறது. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் பொறுமை தானாக வருகிறது.

வாசிப்புக்கும் இதே முறை போதும்.

கோபத்துக்கு மட்டும் இந்த டிக் சரிப்படவில்லை. கத்தாத நாள் எல்லாம் நல்ல நாள் ஆகிவிடுமா? உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்த நாளுக்கும் அதே பச்சைதான் விழுகிறது. அதனால் டிக்கை விட்டுவிட்டு, குறிப்புப் பகுதியில் எதற்குக் கோபம் வந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்று இரண்டு வரி எழுதுகிறேன். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தூக்கம் கெட்ட மறுநாள் வந்தவை. அதற்கப்புறம் நான்காவதாகத் தூங்கப்போகும் நேரத்தையும் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன்.