வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் கடலூர் லேப் சேவை: பாலிசைத்தீமியா உள்ளவர்களுக்குச் சரிப்படுமா?

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் வட்டாரத்தில் காலை ஆறரைக்கே வந்துவிடுகிறார்கள். கை சுத்தம், ஒரே குத்து, மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். சர்க்கரை, கொழுப்பு பார்க்க இது தாராளம்.

சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் உற்பத்தியாகும் ரத்த நோயான பாலிசைத்தீமியா வேராவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டியாகி, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் உறைந்துவிடுகிறது. போக வழியில்லாத ரத்தம் தேங்கிக் கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. இதுதான் பட்-கியாரி. இவர்களுக்கு ஹீமெட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

இந்தச் சேவையின் குறை, ஐஎன்ஆருக்கு ரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில்தான். பட்டர்ஃப்ளை ஊசி போட்டு அதையே முதலில் மாட்டுகிறார்கள். ஊசியோடு சேர்ந்த மெல்லிய டியூபில் இருக்கும் காற்று குழாய்க்குள் போய்விடுவதால் ரத்தம் கோடு வரை ஏறுவதில்லை. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதை உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு என்பது கணக்கு; ரத்தம் குறைந்தால் ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் அடைப்பு வளரும். முதலில் ஒரு வெற்றுக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கழித்துவிட்டு நீலத்தை மாட்டச் சொல்லுங்கள். ஹீமெட்டோக்ரிட் 55-ஐத் தாண்டினால் கோடு வரை நிரப்பினாலும் தப்பாகும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைவு என்பதால். சிட்ரேட்டைக் குறைத்த குழாய் வேண்டும். புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

ரத்த எண்ணிக்கைக்கான ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள், சரியான முறை. ஆனால் பத்து வீடு சுற்றி வெயிலில் பையிலேயே கிடந்தால் அணுக்கள் ஊதி ஹீமெட்டோக்ரிட் கூடிவிடும். 44 இருப்பவருக்கு 46 என்று வந்தால் தேவையில்லாமல் உடலிலிருந்து ரத்தத்தை எடுத்துக் குறைக்க நேரும். சுற்றில் கடைசி வீடாக நேரம் கேளுங்கள். சாம்பிள் நேரே லேபுக்குப் போகும்.

அவர்கள் தள்ளிவிடும் 'லிவர் பேக்கேஜ்' இந்த நோய்க்கு ஏமாற்றமே. மெதுவாக அடைபடும்போது அதில் பார்க்கும் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஓரளவு சரியாகவே இருக்கலாம். அடைப்பைக் காட்டுவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், அதற்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பாலிசைத்தீமியாவைக் கண்டுபிடிக்க உதவும் ஜேஏகே2 மரபணுப் பரிசோதனையை மட்டும் ஹீமோகுளோபின் நார்மல் என்று தள்ளிப்போடாதீர்கள். வீங்கிய மண்ணீரலும் கூடுதல் பிளாஸ்மாவும் எண்ணிக்கையை மறைத்துவிடும்.

கடைசி வீடாக நேரம் கிடைத்தால், ரத்த எண்ணிக்கைக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் கூப்பிடலாம். ஐஎன்ஆருக்கு, நீலக் குழாய் கோட்டைத் தொட்டதை நீங்களே பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். தொடவில்லையென்றால் அங்கேயே இன்னொரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை.