மின்சார கார்: ரேஞ்ச் நம் காலடியில்தான்

என் மின்சார காரில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரீஜென் பிரேக்கிங். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினால் போதும். வண்டி தானாக வேகம் குறைகிறது, திரையில் பச்சைக் கோடு ஏறுகிறது, வீணாகப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்புகிறது. நகரத்துக்குள் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், பிரமாதம்.

நெடுஞ்சாலையில் கதையே வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; மணிக்கு 90 கி.மீ.யில் இருப்பதைவிட 120-இல் சுமார் 78 சதவீதம் அதிகம். அதனால் நான் 90-ஐத் தாண்டுவதில்லை. வண்டி சார்ஜரில் இருக்கும்போதே ஏசியைப் போட்டு உள்ளே குளிரவைத்துவிடுவேன்; பேட்டரி மிச்சமாகும். டயரில் காற்று குறையவிடாதீர்கள். விளம்பரத்தில் போடும் ரேஞ்ச் ஆய்வகக் கணக்கு. அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மற்றபடி தாராளமாக வாங்கலாம்.