டிஎஃப் ஒரு கணக்கு, டியூ ஒரு கணக்கு: லினக்ஸ் சர்வரோடு ஐந்து வருடம்

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, 5 வருடமாக அதைத்தான் ஃபைல் சர்வராக ஓட்டுகிறேன். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும், அதில் குறையே இல்லை. டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டால் அது சொல்லும் பதில்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதல் நாளே சந்தேகம். 4 டிபி டிஸ்க் மாட்டினால் 3.6 என்கிறது. கம்பெனிக்காரர்கள் ஆயிரமாயிரமாகப் பெருக்குகிறார்கள், டிஎஃப் (டிஸ்கில் எவ்வளவு நிரம்பியது, எவ்வளவு காலி என்று சொல்லும் கட்டளை) 1024-ஆல் வகுக்கிறது, சரி. அது போக, டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் தன் வழக்கப்படி 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (சர்வரின் முழு அதிகாரம் உள்ள யூசருக்கென்று) எடுத்து வைத்துக்கொள்ளும். வீடியோ மட்டும் போடுகிற டிஸ்கில் 200 ஜிபி சும்மா கிடப்பானேன்? டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை வைத்து அதை 1 சதவீதமாக்கினேன். சிஸ்டம் டிஸ்கில் கை வைக்கவில்லை.

உண்மையான தலைவலி மூன்றாம் வருட ஐப்பசி மழையில் வந்தது. காலையில் கடையைத் திறந்தால், சிஸ்டம் டிஸ்கான 240 ஜிபி எஸ்எஸ்டி நூறு சதவீதம் நிரம்பிக் கிடக்கிறது. குளச்சல் பார்ட்டிக்கு அன்றைக்கு ஆல்பம் கொடுக்க வேண்டும். பதற்றத்தில், புரோகிராம் தன் நடப்பைக் குறித்து வைக்கும் 20 ஜிபி லாக் ஃபைல் ஒன்றை அழித்தேன். ஒரு எம்பி கூடக் குறையவில்லை! ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையில் பார்த்தால் வெறும் 60 ஜிபிதான் வருகிறது.

நாகர்கோவில் நண்பனைக் கூப்பிட்டேன். "மக்கா, ஓடிட்டு இருக்க சர்வீஸோட லாக்கையா அழிச்ச? அது இன்னும் ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்டே" என்றான். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டதும் 'டெலீட்டட்' என்ற குறியோடு அந்த ஃபைல் நின்றது. பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் புரோகிராம் விடும்வரை இடம் திரும்பாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், 20 ஜிபி வந்தது. 240 ஜிபி என்பது டிஎஃப் கணக்கில் 220 சொச்சம்தான்; அப்படியும் மீதி 140 எங்கே?

அதற்கு மதியமாகிவிட்டது. தினமும் ராத்திரி யூஎஸ்பி டிஸ்குக்கு பேக்கப் போகும். முந்தின ராத்திரி கரண்ட் போய் வந்தபோது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது தனக்கென்று வைத்த ஃபோல்டரோடு இணையவில்லை. ஆனால் அந்தக் காலி ஃபோல்டர் இருந்ததே! பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே, அதாவது எஸ்எஸ்டியிலேயே, கொட்டித் தள்ளியிருக்கிறது. காலையில் நான் டிஸ்கைப் பிடுங்கிச் செருகி மவுண்ட் செய்தது, சிந்திய அரிசிமேல் பாயை விரித்த மாதிரி. டியூ ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து எண்ணுவது, பாய்க்கு மேலேதான் பார்க்கும். டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்தையே கேட்கிறது. டிஸ்கை அன்மவுண்ட் செய்ததும் அத்தனையும் கண்முன் வந்தது. டிஸ்கை எடுக்க முடியாத இடமென்றால், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் ஃபோல்டரை வேறொரு ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்தும் (இன்னொரு வழியாகவும் தெரியும்படி இணைத்தும்) பார்க்கலாம்.

இப்போது ஸ்கிரிப்டின் முதல் வரியே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்ற சோதனைதான். அந்தக் காலி ஃபோல்டரையும், யாரும் எதையும் எழுத முடியாதபடி சிஹெச்அட்டர் கட்டளை போட்டுப் பூட்டிவிட்டேன்.

போன வருடம் இன்னொரு கூத்து: பாதி டிஸ்க் காலி, ஆனாலும் 'இடமில்லை' என்றது. இந்த முறை போன் போடவில்லை. டிஎஃப்பை ஐ ஆப்ஷனோடு போட்டேன், ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு எண்) தீர்ந்திருந்தது. காரணம், லட்சக்கணக்கான தம்ப்நெயில்கள், அதாவது குட்டி முன்னோட்டப் படங்கள். அழித்து முடிவதற்குள் இரண்டு டீ குடித்தாயிற்று.