வன்னி வீட்டுக்கு பைபரா, 4ஜி ரவுட்டரா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உங்கள் ஒழுங்கை வரை பைபர் (ஒளியில் இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை) வந்துவிட்டதென்றால் அதையே எடுங்கள். 4ஜி ரவுட்டரில் பகலில் நன்றாக ஓடும் வீடியோ, இரவில் ஊரே போனைக் கையில் எடுத்ததும் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு டவரை அத்தனை பேரும் பங்கு போடுகிறார்கள். பைபரிலும் பங்கு உண்டுதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி பல வீடுகளுக்குப் பிரிக்கிறது. ஆனால் ஜிபொன் எனப்படும் இந்தப் பங்கு முறையில் அந்த இழையின் இறக்க வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட். 32 வீடுகள் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் 75 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும்.

பைபருக்காக வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியை எல்லோரும் ரவுட்டர் என்கிறோம். அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஒளியாக வருவதை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதுதான். வைஃபையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அதில் இரண்டு லைட்டைப் பார்க்கப் பழகினால் போதும். PON என்று எழுதிய லைட் நிலையாகப் பச்சையில் எரிந்தால் எக்ஸ்சேஞ்சோடு தொடர்பு இருக்கிறது. LOS என்று எழுதிய லைட் சிவப்பில் மின்னினால் ஒளி வந்து சேரவில்லை: வெளியே வயர் அறுந்திருக்கலாம், அலுமாரிக்குப் பின்னால் மடங்கியிருக்கலாம், பச்சை நிறக் கனெக்டர் கழன்றிருக்கலாம். கனெக்டரையும் மடிப்பையும் பாருங்கள். சரிவராவிட்டால் முறைப்பாடு கொடுங்கள், பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போடுவதில் பலனில்லை. கழற்றிய இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, பைபர் எட்டாத கிராமங்களில் 4ஜி தான் கைகொடுக்கும். ரவுட்டரை டவர் இருக்கும் பக்க ஜன்னலில் வைத்து, அதன் செட்டிங் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். -90 என்றால் நல்லது. -110க்குக் கீழே போனால் கூரைக்கு மேலே அன்டெனா வேண்டும். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங் என்ற செய்மதி இன்டர்நெட்டும் இருக்கிறது, ஆனால் செலவு கூட, மாமர நிழலில் சரிவராது.

கரண்ட் போனால் எல்லாமே நின்றுவிடும். ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவதால் மினி யுபிஎஸ் என்ற சின்ன பற்றரிப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். மாரியில் இடி இடித்தால் அடப்டரைக் கழற்றுங்கள்; கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, கரண்ட் வயர் கடத்தும்.

பைபர் பொருத்த வருபவரிடம் மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். -20 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் நிம்மதி. ஒளி குறைந்து -27ஐ நெருங்கினால் இணைப்பைத் திரும்பச் செய்து தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.