ஸிக்மாரிங்கன் அரண்மனைச் சுற்று: நான் போனது ஆயுதக்கூடத்துக்காக அல்ல

தென் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இறங்கிக் கொஞ்சம் நடந்ததும் டான்யூப் நதியோரப் பாறைமேல் அரண்மனை எழுந்து நிற்கிறது. வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் சுற்றிவரச் சீட்டு வாங்கினேன்.

அரண்மனைக்குச் சொந்தமான ஹோஹென்சோலர்ன் குடும்பத்தின் ஆயுதக்கூடம், மான்கொம்புகள் நிறைந்த வேட்டைக் கூடம் இரண்டையும் அவசியம் பாருங்கள். ஆனால் நான் தேடிப் போனது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான் லுஷேரை. பன்னிரண்டு வருஷம் செய்தி மேசையில் இருந்தவள் நான். ஒரு பத்திரிகைக்காரர் எங்கே போய் முடிந்தார் என்று நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

1944 ஆகஸ்டில் பாரிஸ் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுதலையானது. அடுத்த மாதமே ஜெர்மானியர்கள் இந்தக் குடும்பத்தை வெளியேற்றிவிட்டு, தங்களோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி ஆட்சியின் தலைவர்களை இங்கே குடிவைத்தார்கள். அந்த ஆட்சியின் தலைவர் பெத்தேனும் அதன் பிரதமர் லவாலும் 'நாங்கள் கைதிகள்' என்று ஒதுங்கிக்கொள்ள, இன்னொரு விஷி ஆளான பிரினோன் தலைமையில் ஒரு பொம்மை ஆணையம் உட்கார்ந்தது. அதில் செய்தியும் பிரச்சாரமும் லுஷேர் கையில். 'லா பிரான்ஸ்' என்று ஒரு நாளிதழ், 'இஸி லா பிரான்ஸ்' என்று ஒரு வானொலி. 'பேசுவது பிரான்ஸ்' என்று பெயர், பேசியதோ ஜெர்மன் ஊரிலிருந்து! நாடு கைவிட்டுப் போன பிறகும் தினமும் தலைப்பு எழுதி, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இத்தனைக்கும் 1920களில் இதே லுஷேர் பிரான்ஸும் ஜெர்மனியும் சமாதானமாக வேண்டும் என்று எழுதியவர். அந்த வழியில் கிடைத்த நண்பர்தான் ஓட்டோ ஆபெட்ஸ். பின்னாளில் ஹிட்லரின் தூதராகப் பாரிஸுக்கு வந்தவர். 1940இல் லுஷேர் 'லே நூவோ தான்' என்ற நாளிதழைத் தொடங்கினார். ஆக்கிரமிப்பின் கீழ் பாரிஸ் பத்திரிகை உலகத்துக்கே தலைவரானார். சமாதானம் எந்த இடத்தில் சேவகமானது? கூடம் கூடமாக நடக்கையில் இந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

வழிகாட்டி ஜெர்மன் மொழியில் நிதானமாக, தெளிவாகப் பேசினார். சுற்று முடிந்ததும் லுஷேரைப் பற்றிக் கேட்டேன். அவசரப்படாமல் நின்று, நடிகையான மகள் கொரினும் தந்தையோடு இங்கே இருந்ததைச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்துக்கே கொடுத்த காசு தகும்.

1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை நெருங்கியதும் எல்லாரும் கலைந்தார்கள். லுஷேர் இத்தாலியில் பிடிபட்டார். 1946 பிப்ரவரி 22 அன்று பாரிஸ் அருகே ஷாத்தியோன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 44.

சரி, போகிறவர்களுக்கு: படிகள் நிறைய, நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். விஷி கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். அப்புறம் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போய் மேல்மாடி ஜன்னல்களைப் பாருங்கள். நான் அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.