ரஸ்தாளிக்கு எது சரி: கலப்பினமா, மரபணுத் திருத்தமா?

தோட்டக்கலை முதுகலையில் ஆய்வுத் தலைப்பு எடுக்கும் நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது: வாழையில் கலப்பினம், அல்லது மரபணுத் திருத்தம். நான் திருத்தத்தை எடுத்தேன். லால்குடிப் பக்கம் எங்கள் வயல்தான் காரணம். அப்பா ரஸ்தாளி போட்டவர். நன்றாக வளர்ந்து நிற்கும் மரத்தில் திடீரென்று அடியிலைகள் ஓரம் மஞ்சளாகும், காம்பு முறியும், தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். அடித்தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். வாடல் நோய். அந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கடைசியில் அப்பா ஜி9 என்ற கேவண்டிஷ் வாழைக்கு மாறிவிட்டார். ரஸ்தாளியைக் கொல்லும் பழைய வாடல் இனம் ஜி9-ஐத் தொடாது.

கலப்பினம் எப்படி என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. நோய் தாங்கும் ரகத்தின் மகரந்தத்தை எடுத்துச் சேர்த்து, வரும் கன்றுகளில் நல்லதைப் பொறுக்குவது. ஹோண்டுராஸில் பிலிப் ரோ இப்படித்தான் கோல்ட்ஃபிங்கர் வாழையை உருவாக்கினார். நோய்களை நன்றாகவே தாங்குகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 இன்னொன்று, அதில் விருப்பாட்சி மலைவாழையின் சாயல் உண்டு. இரண்டும் பெரிய உழைப்பு. ஏனென்றால் நாம் சாப்பிடும் வாழை கிட்டத்தட்ட மலடு, விதை பிடிப்பதே அபூர்வம்.

ஆனால் நான் திருத்தத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இந்தச் சிரமம் காரணமில்லை. சிரமப்பட்டு விதை கிடைத்தாலும் அதிலிருந்து வருவது ரஸ்தாளியாக இருக்காது. அதுதான் காரணம். ஒவ்வொரு கலப்பிலும் தாய் தகப்பன் இருவரின் மரபணுக்களும் சீட்டுக்கட்டு போலக் கலைந்து புதிதாக அடுக்கப்படும். நோய் எதிர்ப்பு வந்து சேரும்போது அந்தப் புளிப்புக் கலந்த இனிப்பு, மெல்லிய தோல், வாசனை எல்லாம் எங்கோ போய்விடும். நெல்லில் வந்த பிள்ளையைத் தாயோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, பழைய குணத்தை மீட்டுவிடலாம். மலட்டு வாழையில் அது நடக்காது. சந்தையில் தார் ஏலம் போவது ரகத்தின் பெயரில்தான். புதுப் பெயரோடு வரும் தாரை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். கன்றிலிருந்து கன்றாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு பழத்தை நோய்க்குப் பயந்து வேறொன்றாக மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாமரம் என்றால் என் பதில் வேறு. நீலமும் தசேரியும் கலந்து மல்லிகாவும் ஆம்ரபாலியும் வந்தன. அவை புது ரகமாகவே பெயர் எடுத்தன, ஒட்டுக்கன்றில் அப்படியே பெருகின. அங்கே நான் கலப்பினத்தின் பக்கம்தான்.

திருத்தம் ரகத்தைக் கலைக்காமல், மரபணுவை வெட்டும் ஒரு புரதத்தைக் கத்தரிக்கோல் போலப் பயன்படுத்தி ஓரிடத்தில் மட்டும் கை வைக்கிறது. கென்யாவில் லீனா திரிபாதியின் குழு 2019இல் செய்தது எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. சில வாழைகளின் மரபணுத் தொகுதியிலேயே, இலையில் கோடு விழச் செய்யும் வைரஸ் ஒன்று ஒளிந்திருக்கும். கலப்பின முயற்சியின்போதோ வறட்சியிலோ அது விழித்துக்கொள்ளலாம். அந்த வைரஸ் துண்டைச் சிதைத்தார்கள். திருத்திய செடிகளில் நான்கில் மூன்று பங்கு, தண்ணீர் இல்லாமல் வாட விட்டபோதும் நோய்க்குறி காட்டவில்லை. நம் ரஸ்தாளியிலும் மொஹாலி ஆய்வகத்தில் 2018இல் ஒரு மரபணுவைத் திருத்திக் காட்டினார்கள். இலை வெளுக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் அது. ஆனாலும் ரஸ்தாளியில் இந்தக் கத்தரி வேலை செய்யும் என்று அதிலிருந்து தெரிந்தது.

சிக்கல் அந்தக் கத்தரியில்தான். வெட்டும் புரதத்தை உருவாக்கும் மரபணுவையும் பொதுவாகச் செடிக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. நெல்லில் அடுத்த தலைமுறை விதையில் கத்தரி இல்லாத செடியைப் பொறுக்கிக்கொள்ளலாம். விதையில்லாத வாழையில் அது உள்ளேயே தங்கிவிடும். 2022 மார்ச்சில் மத்திய அரசு கடும் அனுமதி நடைமுறையிலிருந்து விலக்கு அளித்தது, வெளி மரபணு எஞ்சாத திருத்தப் பயிர்களுக்கு மட்டும். 2025இல் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அந்தக் கதவுக்குள் வாழையும் நுழைய வேண்டுமானால் மரபணுவுக்குப் பதில் புரதத்தையே நேரடியாகச் செல்லுக்குள் விட வேண்டும். வெட்டிய சில நாளில் அது கரைந்துவிடும். அப்புறம் எந்தக் கன்று திருந்தியது என்று காட்ட அடையாளம் எதுவும் இருக்காது, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். வாழைப்பூவின் இளம் ஆண் பூக்களிலிருந்து செல் வளர்த்து, அதைக் கன்றாக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. என் இரண்டு ஆண்டில் பெரும்பகுதி இதில்தான் போனது.

என் அனுபவம் கண்ணாடிக் குடுவை வரைக்கும்தான். திருத்திய ரஸ்தாளியை வாடல் மண்ணில் நட்டுத் தார் வெட்டியவன் இல்லை. வேறு ரகத்தின் எதிர்ப்பு மரபணுவைச் சேர்க்கும் மரபணு மாற்று வழியில் ஆஸ்திரேலியா முந்திவிட்டது. காட்டு வாழையின் மரபணு சேர்த்த கேவண்டிஷுக்கு அங்கே 2024இல் அனுமதி கிடைத்தது. பலன் வேகமாக வேண்டும் என்பவர் அதைத் தேர்ந்தால் தவறு சொல்ல மாட்டேன்.

அப்பா இன்னமும் கேட்கிறார், "ரஸ்தாளி எப்ப போடலாம்டா?" இப்போதைக்கு நான் சொல்வது இதுதான்: வாடல் காணாத வயலாகப் பாருங்கள், இரண்டு போகம் நெல் போட்டுத் தண்ணீர் கட்டுங்கள், நோயில்லாத தோட்டத்துக் கன்றாக வாங்குங்கள். மேற்கு ஓரத்து அரை ஏக்கரில் இந்த வருடம் நெல் நட்டிருக்கிறார்.