எர்த் கம்பியும் என் காடியும்: 6 வருட அனுபவம்

மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்போம், ரிங்கிட்டை வெள்ளி என்போம். போன வாரம் மச்சான் போன் பண்ணினான். "மாமா, உங்க காடி மாதிரியே ஒன்னு கோலகங்சார்ல விலைக்கு வந்திருக்கு. 9,500 வெள்ளி. எடுக்கலாமா?"

ஆறு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன். என் காடியை 2019-ல் 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் வாங்கினேன். இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகும் செம்மண் ரோட்டில் தினமும் போய்வருகிறேன். எஞ்சின் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. ஏர்கோன் இன்றைக்கும் பல்லைக் கிட்ட வைக்கிறது. பின்னால் டிக்கியில் நாலு மூட்டை அரிசி தாராளமாக நிற்கும். இதெல்லாம் இந்தக் காடி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குச் சொல்லவேண்டியது சார்ஜ் விஷயம்.

முதலில் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. டவுனில் ஒரு பேட்டரி கடைக்குப் போனேன். எஞ்சின் ஓடும்போது மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 13.7 வோல்ட். "சார்ஜ் ஓகே அண்ணே, பேட்டரிதான் கொங், செத்துப்போச்சு." 230 வெள்ளி, 12 மாத கேரண்டி. நம் ஊர்ச் சூட்டில் ஒரு பேட்டரி இரண்டு வருடம் தாங்கினாலே நல்ல பேட்டரி என்பதால் சந்தேகப்படவில்லை.

ஒன்பதாவது மாதம் அம்மாவை ஈப்போ கல்லுமலை கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பழைய ட்ரங்க் ரோட்டில் நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், ஏர்கோன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடின. காந்தான் தாண்டுவதற்குள் விளக்கு மஞ்சளாகிவிட்டது. ஓரமாக நிறுத்தினேன், எஞ்சினும் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டில் பேட்டரி சிவப்பு விளக்கு ஒருதடவைகூட எரியவில்லை. லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போக, 71 வயது அம்மா முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கேரண்டி கேட்டுப் போனால், "உங்க காடியில சார்ஜ் கோளாறு, கேரண்டி கிடையாது" என்றார்கள். சார்ஜ் ஓகே என்று சொன்னதும் அதே கடைதான்.

அடுத்து ஒரு போர்மேன், அதாவது மெக்கானிக். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்தார். தயவுசெய்து யாரையும் இப்படிச் செய்ய விடாதீர்கள். பேட்டரி இருக்கும்வரை அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். திடீரென்று கழற்றினால், எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ காடியின் கம்ப்யூட்டரோ போய்விடலாம். எனக்குத் தப்பியது. ஆல்டர்னேட்டர்தான் என்று முடிவு கட்டி, ஹாஃப்கட் கடையிலிருந்து (பழைய காடி உதிரிபாகக் கடை) ஒன்றை 280 வெள்ளிக்கு வாங்கிவந்து போட்டார். கூலி 80. புது பேட்டரி 240. மூன்று வாரத்தில் மறுபடியும் ஸ்டார்ட்டர் இழுக்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு 35 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். தோட்டத்து மில்லில் வயர்மேன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, பகல்ல அளக்காதே. எல்லா விளக்கையும் போட்டுட்டு அள."

ராத்திரி எட்டு மணிக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 12.9. ஆல்டர்னேட்டரின் தடித்த முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 14.3. அப்படியானால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, வழியில் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டர் முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரைக்கும் 0.15, அது பரவாயில்லை. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வைத்தேன். 1.25. அங்கே 0.2-க்கு மேல் காட்டக்கூடாது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் சேர்க்க ஒரு பின்னல் கம்பி இருக்கும், அதுதான் எர்த் கம்பி. ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் திரும்பும் பாதை அதுதான். பேட்டரித் தட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். கம்பியில் பாதி இழை அறுந்திருந்தது, மீதி பச்சை பூத்திருந்தது. போல்ட்டின் கீழே பெயிண்ட், அதற்கு மேல் காய்ந்த செம்மண். முன்பு எப்போதோ கியர்பாக்ஸைக் கழற்றியவர் சுரண்டாமலே திருப்பி மாட்டியிருக்கிறார். பாதை இல்லாத கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகவும் போயிருக்கிறது. அதன் உறை ஒரு முனையில் வெந்து இறுகிக் கிடந்தது. ஒரு வருடமாக கிளட்ச் கனமாக இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

சிவப்பு விளக்கு எரியாததற்கும் காரணம் இதுதான். ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அளக்கிறது. அங்கே 14.3 இருப்பதால் அதற்கு எல்லாம் சரி. பகலில் லோடு குறைவு, கரண்ட் குறைவு, அதனால் இழப்பும் குறைவு. கடையில் 13.7 காட்டியது பொய்யில்லை. ஒரு விளக்கைப் போட்டுவிட்டு அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

25 சதுர மில்லிமீட்டர் கேபிள், கம்பி முனைக்கு இரண்டு லக், உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ். மொத்தம் 22 வெள்ளி. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி மாட்டினேன். எல்லாம் ஓடும்போது பேட்டரியில் 14.1, எர்த் இழப்பு 0.05. ஸ்டார்ட்டர் அரைச் சுற்றில் பிடிக்கிறது. கிளட்ச் கேபிளையும் மாற்றியபிறகு மிதிப்பதற்குப் பூப்போல இருக்கிறது. இதற்கு முன் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் செலவழித்தது 830 வெள்ளி.

நியாயமாகப் பார்த்தால் காடி மேல் தப்பே இல்லை. பழைய கம்பி எந்தக் காடியிலும் போகும். எஞ்சினைப் பற்றி இன்றைக்கும் ஒரு குறை சொல்லமாட்டேன். ஆனாலும் மச்சானிடம் "எடுக்காதே" என்றுதான் சொன்னேன். இன்னொருதடவை இதே காடியை நான் வாங்குவேனா என்று கேட்டால், மாட்டேன். காந்தானில் மழையில் நின்ற அந்த முக்கால் மணி நேரம் இன்னும் மனதில் கிடக்கிறது. என்னுடையதை விற்கிறேனா என்று கேட்டான். அதுவும் மாட்டேன்.

கேட்கிற ஆளில்லை அவன். சனிக்கிழமை பார்க்கப் போகிறானாம். ஏழரைக்குமேல், இருட்டினபிறகு வரச்சொல்லியிருக்கிறேன். மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.